கிணற்றடிக் காவல்

சின்ன வயது ஞாபகம் என்று நான் வாயெடுத்தாலே வீட்டில் சிரிக்கிறார்கள். ஞாபகம் சொல்கிற வயதா உனக்கு என்கிறார்கள். காதோரம் எனக்கு நரை விழத் தொடங்கிவிட்டதை அவர்களிடம் நான் காட்டுவதில்லை. நீங்கள் என் வயதுக்காரர்கள், உங்களுக்குச் சொன்னால் புரியும். நாம் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு பரீட்சை எழுதி முடித்த வருஷம், ஊர் முழுக்கக் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத பிராணிகளைத் தேடி அலைந்தார்களே, அந்த விளையாட்டு உங்களுக்கு மறந்திருக்காது. ஈப்போ திடலில் மழைமரத்தடியில் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். தலையைத் தூக்காமல் நடந்து சாக்கடையில் கால் விட்டவர்களும் உண்டு. அந்த மழைக்காலம் முழுக்க நானும் அப்பாவும் அதை விளையாடினோம். ஆனால் நாங்கள் எங்கும் அலையவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே விளையாடினோம்.

அப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் எங்கள் தோட்டம் ரப்பர்த் தோட்டமாக இருந்ததாம், நான் பார்த்ததில்லை. நான் பிறந்தபோது எல்லாம் செம்பனையாகிவிட்டது. தோட்டம் கைமாறியபோது தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்துவிட்டு, ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். அதில் ஒன்றில் நாங்கள், அடுத்ததில் பெரியப்பா. பெரியப்பா அப்பாவுக்கு அண்ணன். தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோவில் காரியம், தம்பி குடும்பம், இரண்டும்தான் அவருக்கு.

அப்பாவுக்கு இனிப்பு நீர், அதுதான் சர்க்கரை வியாதி, ரொம்ப நாளாக இருந்தது. அந்த வருஷம் கால் வீங்கி, கண் இமை வீங்கி, லாரியில் ஏற முடியாமல் போனது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று பெரியவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். என்னிடம், “அப்பாவுக்கு ரத்தம் கழுவுறாங்க பாப்பா” என்று மட்டும் அம்மா சொன்னார். துணி துவைப்பது மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். கழுவக் கழுவ அழுக்கு குறையும், ஒருநாள் சுத்தமாகிவிடும், அப்பா லாரிக்குத் திரும்புவார்.

“இன்னும் எத்தனை தடவ கழுவணும்மா?”

“கொஞ்ச நாளுதான்.”

அம்மா கையுறைத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. வருஷக் கடைசி விடுமுறையில் என்னைத் தனியாக வீட்டில் விட்டுப்போகப் பயந்து, “அப்பாவோட போ, தண்ணி கிண்ணி கேட்டா மிஸிகிட்டச் சொல்லு” என்று அனுப்பிவைத்தார். வாரத்துக்கு மூன்று நாள். பெரியப்பா காரில் கொண்டுபோய் விடுவார். ஈப்போ பழைய டவுனில் கடைவீடு ஒன்றின் மாடியில் இருந்தது ரத்தம் கழுவும் அந்த இடம். கீழே கோப்பிக் கடை. பெரியப்பா கோப்பிக் கடையில் பேப்பரை விரித்து உட்கார்ந்துகொள்வார். நாங்கள் படியேறுவோம். பாதிப் படி வரைக்கும் மார்ஜரினில் கோப்பிக் கொட்டை வறுபடும் வாசம் கூட வரும். அதற்கு மேலே வினிகரும் பிளீச்சும் கலந்த வாசம்.

அப்பாவின் இடது கையில், முழங்கைக்குக் கீழே, நரம்பைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அங்கே விரலை வைத்தால் உள்ளே தேன்கூடு இருப்பது போல் விர்ரென்று அதிரும். அந்த இடத்தில்தான் இரண்டு ஊசி குத்துவார்கள். ரத்தம் ஒரு குழாயில் போகும், இன்னொன்றில் வரும். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு எனக்குக் கண் இருட்டிவிட்டது. அங்கே இருந்த நர்ஸ் மிஸி என்னைப் பிடித்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார். குழாயைப் பார்க்காமல் இருக்க வேறு எதையாவது பார்க்க வேண்டியிருந்தது. அப்பாவின் கைப்பேசியை வாங்கி, பள்ளியில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்த அந்த விளையாட்டை அன்றைக்கே இறக்கினேன். அது ஓரம் விரிசல் விட்ட பழைய கைப்பேசி. கொஞ்ச நேரத்திலேயே இட்லித் தட்டு போல சூடாகிவிடும்.

எங்கள் தோட்டத்தில் அந்த விளையாட்டைத் திறந்தால் பச்சையாக வெறும் வரைபடம்தான் வரும். ஒரு பிராணி கிடையாது, ஒரு கோட்டை கிடையாது. டவுனில் அப்படி இல்லை. கட்டில் கட்டிலாகப் போட்டிருந்த அந்த மாடியின் பின்பக்கச் சந்தில் ஒரு பழைய கிணறு இருந்தது. இரும்பு மூடி போட்டு, பக்கத்துக் கோழிச் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் அதன்மேல் துடைப்பம் காயவைத்திருப்பார்கள். விளையாட்டில் அந்தக் கிணறு ஒரு கோட்டை. அப்பாவின் கட்டிலில் இருந்தே அது எட்டியது.

விளையாட்டு தெரியாதவர்களும் இருப்பீர்கள், சொல்லிவிடுகிறேன். கோட்டையைப் பிடித்தால் நம்முடைய பிராணிகளில் ஒன்றை அங்கே காவலுக்கு நிறுத்தலாம். ஒன்றைத்தான் நிறுத்தலாம். நிறுத்தியபின் நாமாக அதைத் திரும்ப அழைக்க முடியாது. எதிர் அணியிலிருந்து யாராவது வந்து அதை அடித்து வீழ்த்தினால்தான் அது நம்மிடம் திரும்பி வரும். வரும்போது கைப்பேசி ஒரு தடவை உறுமும். நிறுத்துவதானாலும் அடிப்பதானாலும், பலம் கூடப் பழம் ஊட்டுவதானாலும் ஆள் கிட்டத்தில் இருக்க வேண்டும்.

எங்களிடம் மூன்று நல்ல பிராணிகள் சேர்ந்தன. ஒரு நாகம், நெருப்புக் கக்கும். ஒரு ஆந்தை. மூன்றாவது, கண்ணை மூடிக்கொண்டு குந்தியிருக்கும் ஒரு ரோஸ் நிறத் தவளை. அதன் ஆங்கிலப் பெயர் அப்பா வாயில் நுழையவில்லை. மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு ஆட்களை விரட்டுகிற அந்தக் காலத்து மண்டோர் மாதிரி இருக்கிறது என்று சொல்லி, மண்டோர் என்றே பெயர் வைத்துவிட்டார். மண்டோருக்கு அடிக்கத் தெரியாது. நாக்கை ஒரு தடவை நீட்டிவிட்டுத் திரும்பத் தூங்கிவிடும். ஆனால் அதை வீழ்த்துவது லேசில்லை. அடிக்க அடிக்க அதன் உயிர்க்கோடு ஒரு நூல் ஒரு நூலாகத்தான் குறையும்.

கோட்டை எங்கள் கைக்கு வந்த முதல் நாளே எங்களுக்குள் சண்டை.

“நாகத்த நிறுத்துவோம்ப்பா. அதான் ஸ்ட்ராங்கு.”

“வேணாம். மண்டோரு போகட்டும்.”

“மண்டோரு அடிக்கவே மாட்டாம்ப்பா.”

“காவலுக்கு நிக்கிறவன் அடிக்கணும்னு யாரு சொன்னா? விழாம நின்னா போதும் லா.”

எந்தப் பிராணிக்கு எது எதிரி, நெருப்புக்கு எது ஆகாது, எல்லாம் எனக்கு மனப்பாடம். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் பார்க்க மாட்டார். எனக்கு எரிச்சலாக வரும். போதாததற்கு எங்களுக்கு ஒரு எதிரியும் இருந்தான். எங்களுடையது நீல அணி, அவன் சிவப்பு. கோப்பி ஓ என்று, பால் விடாத கறுப்புக் கோப்பியின் பெயரை வைத்திருந்தான். நாங்கள் கிளம்பி, வீடு வந்து சேர்கிற நேரத்துக்குக் கைப்பேசி உறுமும். மண்டோர் அடிபட்டுத் திரும்பி வந்திருப்பான். அடுத்த முறை போய்ப் பார்த்தால் கிணற்றில் கோப்பி ஓவின் கற்பிராணி நிற்கும். பாறை மாதிரி உடம்பு, அதையும் லேசில் வீழ்த்த முடியாது. பார்த்த உடனே அடிக்கலாம் என்று நான் துடிப்பேன். அப்பா கைப்பேசியைக் கொடுக்க மாட்டார். “அப்புறம், அப்புறம்” என்பார். கடைசி ஒரு மணி நேரம் இருக்கும்போதுதான் கேட்டு வாங்கி, ஊசி குத்தாத வலது கை விரலால் மெதுவாக அடிக்க ஆரம்பிப்பார். அடித்து முடித்து, மண்டோரை நிறுத்துவதற்கும் மிஸி வந்து ஊசியைக் கழற்றுவதற்கும் சரியாக இருக்கும்.

கோப்பி ஓ என்பவன் மோட்டரில் சுற்றும் பெரிய பையனாக இருப்பான், கோப்பிக் கடையில்தான் உட்கார்ந்திருப்பான் என்று நான் முடிவு செய்திருந்தேன். கீழே பெரியப்பாவிடம் போகிற சாக்கில் மேசை மேசையாகப் பார்ப்பேன். எல்லாம் வயசான சீனர்கள், முட்டையை உடைத்து மிளகுத்தூள் தூவிக்கொண்டிருப்பார்கள்.

ஒருநாள் அப்பாவுக்கு நாக்கு வறண்டுவிட்டது. தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது, ஐஸ் கட்டி ஒன்றை வாயில் போட்டுக்கொள்ளலாம். அதை வாங்க மிஸியிடம் போகும் வழியில், ஜன்னலோரக் கட்டிலைத் தாண்டினேன். அதில் ஒரு சீன அங்கிள் படுத்திருப்பார். எங்களுக்கு ஒரு மணி நேரம் பிந்தித்தான் அவருக்கு ஆரம்பிப்பார்கள். எலும்பும் தோலுமாக இருப்பார். வெள்ளை பனியன், மணிக்கட்டில் பச்சைக் கல் வளையல். அவர் கையில் இருந்த கைப்பேசியில் எங்கள் கிணறு தெரிந்தது. அதன்மேல் அவருடைய கல் நின்றது. அவர் அதற்குப் பழம் ஊட்டிக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைக் கண்டதும், பரீட்சையில் பார்த்து எழுதும் பையன் போல, சீனப் பேப்பரை இழுத்துக் கைப்பேசியை மூடிக்கொண்டார்.

ஐஸ் கட்டியை மறந்துவிட்டு அப்பாவிடம் ஓடினேன்.

“அப்பா, அந்த அங்கிள்தான் கோப்பி ஓ.”

“தெரியும்.”

“தெரியுமா? எப்பருந்து?”

“மொத வாரமே தெரியும் பாப்பா. மெதுவாப் பேசு.”

எனக்குக் கோபம் வந்தது. தெரிந்திருந்தும் அடிக்கத் தெரியாத தவளையைக் கொண்டுபோய் நிறுத்துவானேன்? கேட்டேன். அப்பா மெஷினில் ஓடும் நேரத்தைப் பார்த்தார்.

“கடைசி ஒரு மணி நேரம் ரொம்ப மோசம் லா. காலு இழுக்கும். மண்ட உள்ளுக்குள்ள இடிக்கும். அந்த நேரத்தையே பாத்துக்கிட்டு இருந்தா அது நகராது. எனக்கு அப்படின்னா அவருக்கும் அப்படித்தான இருக்கும். நாகத்த நிறுத்துனா சட்டுன்னு அடிச்சி முடிச்சிருவாரு. அப்புறம் மிச்ச நேரத்துக்கு என்னா பண்ணுவாரு?”

“அவருகிட்ட சொல்லி வச்சீங்களா?”

“என்னத்தச் சொல்றது. அவரும் கல்லத்தான நிறுத்துறாரு.”

அன்றைக்கு நாங்கள் கிளம்பும்போது அப்பா ஜன்னலோரம் நின்று, அங்கிளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவரும் ஆட்டினார். அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது கடைத்தெருப் பாசார் மலாய் கொஞ்சம். அதையும் அவர்கள் அதிகம் செலவழிக்கவில்லை.

அதற்குப் பிறகு யாரை நிறுத்துவது என்பது வேறு விதமான யோசனையாகிவிட்டது. அங்கிள் வந்து படுத்ததும் நான் ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து அப்பாவிடம் சொல்வேன். ஒருநாள் அங்கிளின் முகம் சாம்பல் பூத்திருந்தது. கண்ணே திறக்கவில்லை.

“இன்னிக்கி அவரால மண்டோர அடிக்க முடியாதுப்பா. பாதியில வுட்டுருவாரு.”

அப்பா எட்டிப் பார்த்தார். “ஆந்தைய நிறுத்துவோமா?”

“ஆந்தையே போதும்.”

ஆந்தையை நிறுத்திவிட்டுப் போனோம். அடுத்த முறை நாங்கள் உள்ளே நுழைந்தபோது அங்கிள் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். கைப்பேசியில் ஆந்தையின் படத்தைக் காட்டி, வேண்டாம் என்று விரலை ஆட்டினார். பிறகு கண்ணை மூடி, இரண்டு கன்னத்தையும் உப்ப வைத்து, தவளை மாதிரி அப்படியே இருந்தார். பக்கத்துக் கட்டில்காரருக்கு ஊசி குத்திக்கொண்டிருந்த மிஸி, என்ன வந்தது இவருக்கு என்று பார்த்தார். அந்த மாடியில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்கு ஒருநாள்தான் என்று நினைக்கிறேன்.

மார்கழி பிறந்தது. அந்த வருஷம் தைப்பூசத்துக்குத் தம்பிக்காகக் காவடி எடுப்பதாகப் பெரியப்பா வேண்டிக்கொண்டார். அவருக்கே முட்டி வலி, ஏறும்போது படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார். ஒருநாள் குடை கொடுப்பதற்காக மாடிக்கு வந்தார். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கல்லை அடித்துக்கொண்டிருந்த நேரம். நான் பக்கத்தில் நின்று, “இன்னும் பாதிதான்ப்பா, வுடாதீங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியப்பா வாசலிலேயே நின்று பார்த்தார். குடையைச் சாத்திவைத்துவிட்டு இறங்கிப்போனார்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“தம்பி, நான் ஒரு வேளை சாப்புட்டுக்கிட்டு விரதம் இருக்கேன். நீ அங்க உக்காந்து தவளைய வச்சி விளையாடிக்கிட்டு இருக்க. அந்த நேரத்துல ரெண்டு தடவ முருகா முருகான்னு சொல்லக் கூடாதா?”

“நேரம் போகணும்லண்ணே.”

“நேரம் போகணும்னா சாமியக் கும்புடு. புள்ளையும் கெட்டுப் போகுது. தைப்பூசம் முடியிற வரைக்கும் அந்த போனு என்கிட்ட இருக்கட்டும்.”

அப்பா ஒருநாளும் பெரியப்பாவை எதிர்த்துப் பேசினதில்லை. வேலைக்குப் போகாமல் அண்ணன் காரில் போய் வருகிறவர் என்ன பேசுவார். கைப்பேசியை எடுத்துக் கொடுத்தார். பெரியப்பா அதை மஞ்சள் துணியில் சுற்றி, சாமிப் படத்துக்குக் கீழே இருந்த அலமாரியில் வைத்துப் பூட்டினார். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவதில்லை. அந்த நாட்களில் அவர் வெறும் பாயில் படுத்தார், செருப்புப் போடாமல் நடந்தார். மனசில் ஒரு துளி கெட்டது இல்லாமல் செய்தார்.

அப்பா கைப்பேசி இல்லாமல் வந்ததை அங்கிள் முதல் நாளே கவனித்துவிட்டார். காதில் கையை வைத்துக் காட்டி, எங்கே என்று கேட்டார். “அபாங் சிம்பான்” என்றார் அப்பா. அண்ணன் எடுத்து வைத்துக்கொண்டார் என்று அர்த்தம். ஐம்பதை நெருங்கும் ஆள் அதைச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அங்கிள் தம்முடைய கைப்பேசியை மிஸியிடம் கொடுத்து அனுப்பினார். அப்பா அதை வாங்காமல் திருப்பி அனுப்பினார்.

முதல் இரண்டு தடவை எப்படியோ தாக்குப்பிடித்தார். மூன்றாவது தடவை, கடைசி ஒரு மணி நேரத்தில், கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது. நான் இரண்டு கையாலும் அமுக்கிவிட்டேன். கல் மாதிரி இருந்தது. அப்பா மெஷினைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், திரும்ப மெஷினைப் பார்த்தார்.

“மிஸி, கழட்டிருங்க.”

“இன்னும் நேரம் இருக்கு அங்கிள். தண்ணி முழுசா எடுக்கல.”

“பரவால்ல. கழட்டிருங்க.”

மிஸி திட்டினார், பிறகு கழற்றினார். அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் அப்படியே ஆனது. கீழே பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்து, “என்னா, இவ்ளோ சீக்கிரம்?” என்று கேட்பார். “முடிஞ்சிருச்சிண்ணே” என்பார் அப்பா. பெரியப்பாவின் முகம் மலர்ந்துவிடும். வீட்டில் அம்மாவிடம், “பாத்தியாம்மா, போன எடுத்து வச்சதும் ஒடம்பு தேறுது. முன்ன மாதிரி அவ்ளோ நேரம் எடுக்கல” என்று சொன்னார். அம்மா சாமிப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். கழுவிக் கழுவி அழுக்கு குறைந்துகொண்டு வருகிறது என்று நானும் நினைத்தேன். அங்கிள் மட்டும் ஜன்னலோரத்திலிருந்து அப்பா எழுந்து போவதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு விடியற்காலை, சத்தம் கேட்டு எழுந்தேன். அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார். நெஞ்சுக்குள் கொழகொழவென்று தண்ணீர்ச் சத்தம். அம்மா வெளியே ஓடிப் பெரியப்பாவின் கதவைத் தட்டினார். விரதக் கோலத்தில், காலில் செருப்பில்லாமல், பெரியப்பாதான் தம்பியைத் தூக்கிக் காரில் ஏற்றினார்.

அப்பா பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார். எனக்கு இடைநிலைப் பள்ளி திறந்துவிட்டது. புதுப் பள்ளி, புதுச் சட்டை, ஒன்றும் மனசில் ஏறவில்லை. டாக்டர் அம்மாவிடம் என்ன சொன்னார் என்பது, அம்மா திரும்பி வந்து பெரியப்பா வீட்டு வாசலில் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது.

“ஒவ்வொரு தடவையும் முடியிறதுக்கு முன்னாடியே கழட்டச் சொல்லி எழுந்திரிச்சி வந்திருக்காரு மாமா. தண்ணியெல்லாம் நெஞ்சுல ஏறியிருச்சாம்.”

“ஏன் அப்படிப் பண்ணுனான்?”

“தெரியல. அந்த போன மட்டும் குடுங்க.”

பெரியப்பா அலமாரியைத் திறந்து மஞ்சள் துணியோடு எடுத்துக் கொடுத்தார்.

அப்பா வீட்டுக்கு வந்தபின், ஒரு சனிக்கிழமை, திரும்ப அந்த மாடிக்குப் போனோம். அப்பா பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கினார். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு மலாய்க்கார இளைஞன் தூங்கிக்கொண்டிருந்தான். அப்பா அங்கேயே நின்றுவிட்டார்.

“அவரு தவறிப் பத்து நாளாச்சி அங்கிள்” என்றார் மிஸி.

ஊசி குத்தி முடித்ததும் நான் விளையாட்டைத் திறந்தேன். கிணற்றில் அங்கிளின் கல் நின்றது. முன்பு பார்த்ததைவிட ரொம்பப் பெரிதாக இருந்தது. தம்மிடம் இருந்த பழம், மருந்து எல்லாவற்றையும் அதற்கே கொட்டியிருக்கிறார். அப்பாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

பதினோரு மணி வாக்கில் ஒரு சீன அம்மா படியேறி வந்தார். கையில் எள் தூவிய வட்டப் பிஸ்கட் டப்பாக்கள். அங்கிளின் மனைவி. அவர் இங்கே வைத்திருந்த தலையணையை எடுத்துப்போக வந்திருக்கிறார். மிஸிகளுக்கு ஆளுக்கொரு டப்பா கொடுத்துவிட்டு, கையில் இருந்த கடைசி டப்பாவோடு சுற்றும்முற்றும் பார்த்தார். தவளைக்காரர் யார் என்று மலாயில் கேட்டார்.

நான் கையைத் தூக்கினேன்.

அவர் வந்து எங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். அழவில்லை. ரொம்ப வேலையாகப் போகிறவர் மாதிரி வேகவேகமாகப் பேசினார். பாதி எனக்குப் புரிந்தது, மீதியை அப்பா பிறகு சொன்னார். அங்கிளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று, காரில் ஏறியதும் மகனிடம் இந்தச் சந்து வழியாகப் போ என்று பிடிவாதம் பிடித்திருக்கிறார். அது சுற்று வழி. மகன் கத்தியிருக்கிறான். இவர் கேட்கவில்லை. கிணற்றடியில் காரை நிறுத்தச் சொல்லி, மூச்சு வாங்கிக்கொண்டே கைப்பேசியில் எதையோ செய்தாராம். என்ன செய்கிறீர்கள் என்று மனைவி கேட்டதற்கு, தவளைக்காரன் பாதியிலேயே எழுந்து எழுந்து போகிறான், அவனுக்காக இதைப் பெரிதாக்கி வைத்துவிட்டுப் போகிறேன் என்றாராம்.

“அவருக்குக் கிறுக்கு என்று நினைத்தேன்” என்றார் அந்த அம்மா. டப்பாவை அப்பாவின் காலடியில் வைத்துவிட்டு, தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிப்போனார்.

கடைசி ஒரு மணி நேரம் வந்தது. கால் இழுக்கத் தொடங்கியதை அவர் விரல்கள் மடங்குவதில் பார்த்தேன். மிஸியைக் கூப்பிடப்போகிறார் என்று நினைத்தேன். வலது கையை நீட்டினார்.

“குடு பாப்பா.”

“அத அடிக்கப் போறீங்களாப்பா? அது அந்த அங்கிளோட கடைசி…”

“அடிக்கத்தான வச்சிட்டுப் போயிருக்காரு.”

அடித்தார். நாகத்தையும் ஆந்தையையும் மாற்றி மாற்றி இறக்கினார். இரண்டும் விழுந்தன, மருந்து கொடுத்து எழுப்பித் திரும்ப இறக்கினார். கல்லின் உயிர்க்கோடு அசைவதாகவே தெரியவில்லை. அப்பாவின் நெற்றியில் வியர்வை வழிந்தது, நான் துண்டால் துடைத்தேன். கைப்பேசி சூட்டில் அவர் கட்டைவிரல் சிவந்துவிட்டது. நடுவில் ஒரு தடவை, “ரொம்பத்தான் ஊட்டி வளத்துருக்காரு” என்றார். அவர் கண்ணிலிருந்து வழிந்ததையும் வியர்வையோடு சேர்த்துத் துடைத்துவிட்டேன். கல் விழுந்தபோது மெஷினில் சில நிமிஷங்கள்தான் மிச்சம் இருந்தன.

கிணறு காலியாக, சாம்பல் நிறமாக நின்றது. யாரை நிறுத்துவது என்று திரையில் எங்கள் பிராணிகள் வரிசையாக வந்தன.

“மண்டோரா அப்பா?”

ஜன்னலோரத்து இளைஞன் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். அப்பா அவனைப் பார்த்தார்.

“வேணாம். யாரும் அடிக்க வராத எடத்துல அவன் எதுக்கு நிக்கணும். திரும்பி வரவே மாட்டான்.”

கீழே பெரியப்பா படிக்கட்டுக்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தார். “என்னா தம்பி, இவ்ளோ நேரம்?” என்று கேட்டார். பயந்திருந்தார் என்று நினைக்கிறேன்.

“முழுசா முடிக்க இவ்ளோ நேரம்தாண்ணே ஆகும்” என்றார் அப்பா.

பெரியப்பா கார்க் கதவைத் திறந்துவிட்டார். சொன்னபடி தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தார். முட்டி மடங்கி ஒரு தடவை விழப்போனார்.

அதற்குப் பிறகு அப்பா ஒருநாளும் பாதியில் எழுந்து வந்ததில்லை. விளையாடவும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். ரத்தம் கழுவுவது முடியவே முடியாத வேலை என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் ஒருநாள் தெரிந்துகொண்டேன். நான் மூன்றாம் படிவத்தில் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோற்றுத் தட்டுக்கு முன்னால் சரிந்து விழுந்து இறந்துபோனார். அந்தக் கைப்பேசி கொஞ்ச காலம் மேசை இழுப்பறையில் கிடந்தது. பேட்டரி உப்பி மூடி பிளந்துகொண்டது. வெடித்துவிடும் என்று கடைக்காரர் சொன்னதால் அம்மா அதை அவரிடமே விட்டுவிட்டு வந்தார். விளையாட்டின் கடவுச்சொல் எங்கள் யாருக்கும் தெரியாது.

இப்போது பெரியப்பாவுக்கும் அதே வியாதி. அண்ணன் தம்பி, ஒரே ரத்தம். அம்மா வேலைக்குப் போவதால், சனிக்கிழமைகளில் நான்தான் காரில் கொண்டுபோய் விடுகிறேன். அதே மாடி, கட்டில்கள் புதுசு, மிஸிகள் எல்லாரும் புதுசு. பெரியப்பா கையில் ஜெபமாலை வைத்திருப்பார். முதல் மூன்று மணி நேரம் அது உருளும். பிறகு நின்றுவிடும்.

போன வாரம் கால் இழுத்தது. நான் அமுக்கிவிட்டேன். மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தவர், என் பக்கம் திரும்பினார்.

“ஒங்கப்பன் இந்தக் கடைசி ஒரு மணி நேரத்த எப்படி லா ஓட்டுனான்?”

இத்தனை வருஷத்தில் அவர் கேட்டதில்லை. நாங்களும் சொன்னதில்லை. நான் சொன்னேன். கிணற்றில் ஆரம்பித்து, மண்டோரையும் கல்லையும், அங்கிள் கன்னத்தை உப்ப வைத்ததையும், பிஸ்கட் கொண்டுவந்த அம்மாவையும், ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். போனை எடுத்துப் பூட்டியதை நான் மெதுவாகத் தாண்டிப்போகப் பார்த்தேன். “அதையும் சொல்லு” என்றார். சொன்னேன்.

முடித்தபின் அவர் ஊசி குத்தாத கையால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். போர்வை லேசாக ஆடிக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் வந்த மிஸி, தாத்தாவுக்குக் குளிருகிறது என்று நினைத்து, ஏர்கோனைக் குறைத்துவிட்டுப் போனாள்.